முத்தையா மூழ்கடித்த ரேடியோ

ஈப்போ பஸ் நிலையத்தில் இறங்கியதும் என்னை வரவேற்றது ஒரு கார் ஹாரன். அது வரவேற்பு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் எல்லாம் எந்த மடையன் இப்படி விட்டு விட்டு அமுக்குகிறான் என்று திரும்பிப் பார்த்தார்கள். நீளம், குட்டை, மறுபடி குட்டை, நீளம். என் நிலையத்தின் அழைப்பெழுத்துகள்! பெட்டியைக் கீழே போட்டேன். இரண்டு விரலை வாயில் வைத்து விசிலிலேயே பதில் அடித்தேன். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் அமெச்சூர் ரேடியோக்காரன். ஹாம் என்பார்கள். அரசாங்கத் தேர்வு எழுதி உரிமம் வாங்கி, வீட்டிலேயே செட்டைக் கட்டி, தந்தி ஆபீசில் தட்டுவதுபோல மோர்ஸில் தட்டி, முகம் தெரியாத ஊர்க்காரர்களோடு அளவளாவுகிற பைத்தியக்காரக் கூட்டம். அது ஆசைக்கு. பிழைப்புக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் மீன்பிடி லாஞ்சுகளின் ரேடியோக்களைப் பழுதுபார்க்கிறேன். உப்புத் தண்ணீரில் குளிக்காத ரேடியோ என் மேஜைக்கு வந்ததே இல்லை.

காரிலிருந்து இறங்கி வந்தவர் சிவநேசன். அவர் தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து இந்தப் பேரா மாநிலத்துக்கு வந்த குடும்பம். அவர் குடிநீர் இலாகாவில் வரைபடக்காரர். ஒன்பது வருடமாக வாரத்துக்கு இரண்டு நாள் அவரும் நானும் கடலுக்கு மேலே மோர்ஸில் பேசியிருக்கிறோம். எங்கள் கூட்டத்தில் ஒருவர் தட்டும் விதத்தை அவருடைய 'கை' என்போம். சிவநேசன் கையைப் போல ஒரு கை நான் கேட்டதில்லை. வேகம், நகைச்சுவை, நடுவில் சின்னச் சீண்டல், எல்லாம் அந்தக் கோடுகளிலும் புள்ளிகளிலும் வரும். எழுதி எடுக்க முடியாமல் பென்சிலைப் போட்டுவிட்டுச் சிரித்திருக்கிறேன்.

"வா... வா... வாங்கோ அந்தோணி" என்றார்.

கட்டிப் பிடித்துக்கொண்டோம். அவருக்குத் திக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒன்பது வருடத்தில் இதை அவர் சொன்னதே இல்லை. ஏன் சொல்லவேண்டும், மோர்ஸில் அவருக்குத் திக்கவில்லையே. கார் கிளம்பிய பத்தாவது நிமிடம் நானே மறந்துவிட்டேன். என் மனதில் அவர் அதே பழைய வாயாடிதான். இந்த மறதியால் நான் பட்ட அவமானத்தைப் பிறகு சொல்கிறேன்.

வந்த காரியம் இதுதான். ஈப்போவில் புந்தோங் என்று ஒரு பகுதி. தமிழர்கள் நெருக்கமாக வாழும் இடம். அங்கே கோயிலையொட்டி ஒரு சேவைக் குழு இருக்கிறது. அவர்களிடம் ஒரு பழைய லேண்ட்ரோவர். பீடோர் பக்கம் உள்ளே தள்ளி ஒரு முன்னாள் கித்தாத் தோட்டம். ரப்பரைத்தான் அங்கே கித்தா என்கிறார்கள். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். பாதி செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை, மீதி புதர். தோட்ட ஆஸ்பத்திரி போய்விட்டது, முப்பது குடும்பம் மட்டும் லயம் என்கிற பழைய வரிசை வீடுகளிலேயே தங்கிவிட்டது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் இந்த வண்டி ஒரு நர்ஸை ஏற்றிக்கொண்டு அங்கே போகும். நடுவில் ஒரு ஆறு, பாலம் கிடையாது. உதவி வேண்டுமானால் கேட்க வண்டியில் ஒரு ரேடியோ. குழுவில் அதை இயக்க உரிமம் உள்ள ஒரே ஆள் சிவநேசன்.

போன மழைக்காலத்தில் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. ஆம்புலன்ஸ் கேட்க ரேடியோவைப் போட்டால் பேச்சில்லை. டிரைவர் வேகமாக ஆற்றில் இறங்கியதில் தண்ணீர் உள்ளே போய்ச் செட் செத்துவிட்டது. கடைசியில் டிரைவரே மூன்று மைல் ஓடிப்போய் மெயின் ரோட்டில் டெலிபோன் பிடித்திருக்கிறார். தாயும் பிள்ளையும் பிழைத்தது கடைசி நேரத்தில். இன்னும் அரைமணி போயிருந்தால் இரண்டு உயிர் என்றாராம் டாக்டர். அதனால் இந்த மழை வலுப்பதற்குள் தண்ணீரைத் தாங்குகிற ஒரு செட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'நனைந்த ரேடியோவின் வைத்தியரே, வாரும்' என்று சிவநேசன் எழுதியிருந்தார். அப்படிக் கூப்பிட்டால் நான் வராமல் இருப்பேனா?

சிவநேசனின் மனைவி பினாங்கில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். எனவே மூன்று வேளையும் கடைதான், எனக்குக் கொண்டாட்டம். மறுநாள் காலை ரொட்டி சானாய். நம் ஊர்ப் பொரித்த பரோட்டா எண்ணெயில் குளித்து முறுகி வரும். இது காற்றில் பறந்து, துணிபோல விரிந்து, மெத்தென்று தட்டில் விழுகிறது. நான்கு சாப்பிட்டேன். கூடவே ஒரு வெள்ளைக் காப்பி. காப்பிக் கொட்டையை வெண்ணெயில் வறுக்கிறார்களாம். எங்கள் ஊர் டிகிரி காப்பிக்காரர் கேட்டால் கடையை மூடிவிடுவார். எனக்கு இன்னொன்று வேண்டும்போல் இருந்தது.

டிரைவர் அங்கேதான் வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும், கெட்டியான ஆள். பகலில் லோரி ஓட்டுகிறார், வியாழன் மட்டும் லீவு போட்டுவிட்டுச் சம்பளமில்லாமல் இந்த வண்டி. எனக்காக இந்த வாரம் முழுக்கவே லீவு. கையில் புந்தோங்கின் கச்சான் பொட்டலம். வறுத்த கடலையும் பட்டாணியும் கலந்த அந்தச் சமாசாரத்தை என் முன்னால் பிரித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"நான்தான் அண்ணே முத்தையா. ரேடியோவத் தண்ணில முக்குனவன்" என்றார்.

இப்படித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிற மனிதரை நான் பார்த்ததில்லை. சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார். புந்தோங்கில் இப்போது தன் பெயரே கப்பல் என்றார். கடைக்குப் போனால் கப்பல் வந்துருச்சு என்பார்களாம். சிவநேசன் காப்பிக் கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், சிரிக்கவில்லை.

அன்று பகலில் லியோங் கடை. லியோங் ஈப்போச் சீனர், அவரும் ஹாம். சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே இருட்டான ஒரு நீளக் கடையில் பழைய ரேடியோக்களை விற்கிறார். வியாழக்கிழமைகளில் வண்டியின் குரலுக்காக ஈப்போவில் காது கொடுத்து உட்கார்ந்திருப்பவரும் இவரே. என்னிடம் ஆங்கிலம், முத்தையாவிடம் மலாய், தன்னிடமே கேண்டனீஸ் என்று மூன்று மொழி பேசினார். கடைக்குள் நுழைந்ததும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. எங்கள் ஊரில் ஒரு வால்வுக்காக மூன்று மாதம் அலைவோம். இங்கே கூடை கூடையாகக் கிடக்கிறது! கோயில் கடைக்குப் போன குழந்தை மாதிரி ஒவ்வொன்றையும் தொட்டேன்.

மேஜை மேல் மூன்று செட் எடுத்து வைத்தார். முதலாவது பழைய பட்டாளத்துப் பச்சைப் பெட்டி. குண்டு விழுந்தாலும் அசையாது, தண்ணீரும் புகாது. ஆனால் தூக்க இரண்டு ஆள் வேண்டும், ஒரு மணி நேரத்தில் வண்டியின் பேட்டரியைக் குடித்துவிடும். இரண்டாவது ஜப்பான் செட். அழகென்றால் அழகு. மேலும் கீழும் காற்றோட்டத்துக்கு ஓட்டை ஓட்டையாக ஒரு சல்லடை. மூன்றாவது லுமுட் துறைமுகத்தில் ஒரு லாஞ்சிலிருந்து கழற்றியது. மூடியைச் சுற்றி ரப்பர் வளையம், மைக்குக்கும் ரப்பர் உறை, சாம்பல் நிறம். கிறிஸ்டலை மாற்றி எங்கள் அலைவரிசைக்கு லியோங் ஏற்கெனவே கொண்டுவந்திருந்தார். எனக்கு ஊர்க்காரனைப் பார்த்ததுபோல் இருந்தது.

சிவநேசன் ஒவ்வொரு செட்டையும் முதலில் திருப்பி அதன் முதுகைத்தான் பார்த்தார். ஜப்பான் செட்டின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். லாஞ்சு செட்டின் முதுகைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டார். குமிழ் சின்னது என்றார். பிறகு பாரம் என்றார். பிறகு, நம்பமாட்டீர்கள், நிறம் சரியில்லை என்றார்.

எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். கடல் தாண்டி நான் வந்தது நிறம் பார்க்கவா? பின்கட்டுக்குப் போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தேன். இது ரேடியோக் கடையா மீன் சந்தையா என்று லியோங் மலாயில் அலறியதாக முத்தையா பிறகு சொன்னார். லாஞ்சு செட்டைப் பேட்டரியோடு இணைத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே கழுத்துவரை வாளியில் இறக்கினேன். விளக்கு எரிந்தது. ஸ்பீக்கரில் யாரோ பினாங்குக்காரர் தண்ணீருக்குள்ளிருந்து கொளகொளவென்று பேசினார். வெளியே எடுத்தேன், தெளிவாகப் பேசினார். இப்போது லியோங்குக்கே ஆசை வந்துவிட்டது. வாளியை வாங்கி அவரும் ஒரு தடவை ஊற்றினார். முத்தையா மைக்கை முக்கி எடுத்தார். நாங்கள் மூன்று பேரும் கால்சட்டை நனைய நின்று சிரித்தோம். சிவநேசன் மெதுவாகத் தலையசைத்தார். இது போதும் என்று அர்த்தம். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் வெற்றியைக் கொண்டாட முளைப்பயறும் கோழியும். ஈப்போவின் முளைப்பயறு குண்டுகுண்டாக இருக்கிறது. ஊர்த் தண்ணீர் அப்படி என்று சிவநேசன் பெருமைப்பட்டார். குடிநீர் இலாகாக்காரர் அல்லவா.

புதன்கிழமை ஒத்திகை. செட்டை லேண்ட்ரோவரில் பொருத்திக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினோம். வழியில் பீடோரில் வாத்து மீ. மருந்துச் சாறில் ஊறிய வாத்துக்கால், மீ என்கிற நூலளவு நூடுல்ஸ். நான் வாத்தைக் குளத்தில் மட்டும் பார்த்தவன், எலும்பைக்கூட விடவில்லை. அதன்பிறகு தார் ரோடு முடிந்து செம்மண். செம்பனை வரிசைகள் போய்க்கொண்டே இருந்தன. இடையிடையே கைவிடப்பட்ட கித்தா மரங்கள், உடம்பில் பழைய வெட்டுத் தழும்போடு. ஒரு சேற்றுக் குழியில் வண்டி உட்கார்ந்துவிட்டது. இறங்கித் தள்ளினேன். ஏறியபோது என் கணுக்காலில் மூன்று அட்டைகள். எங்கள் உப்பளத்தில் இந்தப் பிராணி கிடையாது. நான் போட்ட கூச்சலில் முத்தையா ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச் சிரித்தார்.

ஆற்றங்கரைக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. வண்டியை நிறுத்தி, கால்சட்டையை மடித்து, ஒரு மூங்கில் கழியோடு தண்ணீரில் இறங்கினார். அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்த்துக்கொண்டு அக்கரை வரை போனார், அதே போலத் திரும்பி வந்தார். தண்ணீர் முழங்காலுக்கு மேல் இல்லை. இருபது நிமிடம் ஆயிற்று. பிறகு வண்டியை நத்தை வேகத்தில் இறக்கினார். முன்னெல்லாம் இதை ஒரே மூச்சில் தாண்டிவிடுவாராம். நடு ஆற்றில் மெதுவாகப் போனால் இஞ்சின் நின்றுபோகும் அபாயமும் உண்டு. அவர் நெற்றி முழுக்க வியர்வை.

அக்கரையில் நிறுத்தினோம். நான் ஒரு வாளி ஆற்றுத் தண்ணீரைச் செட்டின் தலையில் ஊற்றினேன். விளக்கு எரிந்தது. பேசவேண்டியவர் சிவநேசன். என் உரிமம் இந்தியாவோடு சரி. இந்த நாட்டில் நான் கேட்கலாம், ஒரு புள்ளிகூட அனுப்பக்கூடாது. ஸ்பீக்கரில் லியோங் வந்தார். ஈப்போ காத்திருக்கிறது, சொல்லுங்கள் என்றார். சிவநேசன் மைக்கை வாயருகே வைத்துப் பொத்தானை அமுக்கினார்.

ஒன்றும் வரவில்லை. உதடு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பொத்தானை விட்டார், மறுபடி அமுக்கினார். பொத்தான் அமுக்குகிற சத்தம் கேட்கிறது, பேச்சு இல்லை, மைக் நனைந்துவிட்டதா என்று லியோங் கேட்டார். சிவநேசன் மைக்கை மடியில் வைத்துவிட்டு வெளியே பார்த்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணுக்கு முன்னால் ஒரு மனிதர் திணறுகிறார், நான் மைக்கைப் பிடுங்கிக் காதருகே குலுக்கிப் பார்த்தேன். ரப்பர் உறையில் கீறல் இருக்கும், தண்ணீர் இறங்கிவிட்டது என்று நிபுணர் குரலில் அறிவித்தேன்.

முத்தையா சொன்னார்: "நான் இன்னும் மெதுவா எறங்கியிருக்கணும் அண்ணே."

பிற்பகல் மூன்று மணிக்கு வீடு வந்தோம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சிவநேசன் குளிக்கப் போனார். நான் வீம்போடு மைக்கைப் பிரித்தேன். உள்ளே சருகாய்க் காய்ந்திருந்தது. என் மானப் பிரச்சினை ஆகிவிட்டது. போன வருடம் மூழ்கிய பழைய செட் சாமான் அறையில் கிடப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஆற்றுத் தண்ணீர் எப்படி இறங்கும், எங்கே தங்கும் என்று அதைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று எடுத்துவந்து திறந்தேன்.

தண்ணீர் குடித்த ரேடியோவை எனக்குத் தெரியும். செம்பில் பச்சை பூக்கும். திருகுகளில் துரு ஏறும். ஆற்றுத் தண்ணீர் என்றால் உள்சுவரில் சேற்றுக்கோடு விழும், எத்தனை துடைத்தாலும் போகாது. இதில் ஒன்றுமே இல்லை. ஈயம் பளபளத்தது. மூலையில் ஒரு சிலந்தி வலை, அதுவும் உலர்ந்த வலை. மின்சாரம் கொடுத்தேன். லியோங் யாரோடோ சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது கணீரென்று கேட்டது. ஏரியல் இருக்கவேண்டிய இடத்தில், அலை வெளியே போகாதபடி, ஒரு கார் பல்பைக் கட்டிப் பொத்தானை அமுக்கினேன். பல்பு எரிந்தது. அனுப்பும் பக்கமும் சரி. இந்தச் செட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனதே இல்லை.

அப்போதுதான் காலையில் பார்த்த கழுத்து நரம்பு என் மண்டைக்குள் வந்தது. நிமிர்ந்தேன். சிவநேசன் துண்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அவர் வாயைத் திறந்தார், மூடினார். வந்து மேஜையில் உட்கார்ந்து, பயிற்சிக்கு வைத்திருந்த, மோர்ஸ் தட்டும் கீயை இழுத்து, பீப் சத்தம் கொடுக்கும் சின்னப் பெட்டியைப் போட்டார். தட்ட ஆரம்பித்தார். ஒன்பது வருடமாக எனக்குத் தெரிந்த அதே கை. ஒரு எழுத்து பிசகவில்லை. அவர் தட்டியது இது:

போன வருடம் நர்ஸ் உள்ளே அந்தப் பெண்ணோடு இருந்தார். முத்தையா அவளைத் தூக்கிவரக் கதவுப் பலகை தேடிப் போயிருந்தார். வண்டியில் நான் தனியாக. லியோங் காத்திருக்கிறார். மைக்கை எடுத்தேன், வார்த்தை வரவில்லை. பத்து நிமிடம் முயன்றேன். மற்ற நாட்களில் முத்தையாவோடும் உங்களோடும் எப்படியோ சமாளித்துவிடுவேன், அன்று உயிர்ப் பிரச்சினை, தொண்டை பூட்டிக்கொண்டது. முத்தையா ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டார். செட்டில் தண்ணீர் போய்விட்டது என்றேன். அந்த ஒரு பொய் மட்டும் திக்காமல் வந்தது.

அவர் ஏன் செட்டுகளின் முதுகைப் பார்த்தார் என்று இப்போது புரிந்தது. மோர்ஸ் கீயைச் செருகும் துளை இருக்கிறதா என்று தேடியிருக்கிறார். பழைய செட்டிலும் லாஞ்சு செட்டிலும் அது கிடையாது. கீ வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டால் ஏன் என்று சொல்லவேண்டியிருக்கும். நான் எல்லாவற்றையும் நனைத்துச் சோதித்தேன், அதில் பேசவேண்டிய மனிதரைத் தவிர. வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

முத்தையாவிடம் இதைச் சொல்லவேண்டும் என்றேன். ஒரு வருடமாக அந்த மனிதர் செய்யாத தப்புக்குத் தண்ணீரைக் குத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் சொல்லிவிடுங்கோ என்று தட்டினார்.

"இந்த ஊரில எனக்குக் கேக்கத்தான் அனுமதி" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. கீயை மூடி வைத்தார்.

மழையோடு லியோங் கடைக்கு ஓடினோம். இரண்டாம் நம்பர் சல்லடை ஜப்பான் செட்தான் வேண்டும், அதில்தான் கீ போடலாம். காரணத்தை லியோங்கிடம் நான் சொல்லவில்லை. சிவநேசனே சொன்னார், திக்கித் திக்கி. லியோங் எழுந்தார். உள்ளே போய் ரப்பர் விளிம்பு வைத்த பழைய வெடிமருந்துப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். செட் அதற்குள் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. அப்புறம் எங்களுக்கு வேலை மேல் வேலை. வயர் நுழையும் துளைகளை ரப்பர் வாஷரும் தாரும் வைத்து அடைத்தேன். சூடு ஏறாமல் இருக்கப் பெட்டியின் இரும்போடு செட்டின் முதுகை அழுத்திக் கட்டினேன்.

மிச்சம் இருந்தது கீ. அது வெளியே இருக்கவேண்டும், விரலால் தட்டவேண்டும், நனையவும் கூடாது. மூன்று பேரும் மண்டையைக் குடைந்தோம். நர்ஸ் கமலா, எல்லோருக்கும் மிஸி, நாளைய மருந்துப் பெட்டியோடு அங்கே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்து ஆஸ்பத்திரி ரப்பர் கையுறை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கீயை அதற்குள் போட்டு மணிக்கட்டு வாயைக் கட்டினோம். ஐந்து விரலும் உப்பிக்கொண்டு மேஜையில் ஒரு கை உட்கார்ந்திருந்தது. சிவநேசன் உறைக்கு மேலாகத் தட்டிப் பார்த்தார். அருமையாகக் கேட்டது. வாளியில் போட்டுத் தட்டினார். அப்போதும் கேட்டது! நான் மேஜையில் குத்தினேன், லியோங் கேண்டனீஸில் எதையோ கூவினார். கித்தா ஊரில் வந்து ரப்பர் தேடி மண்டையைக் குடைந்திருக்கிறோம்.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து தூறல். ஆற்றங்கரையில் முத்தையா வழக்கம்போல நிறுத்தினார். தண்ணீர் நேற்றைவிட ஏறி, நிறம் மாறி ஓடியது. அவர் கழியை எடுத்துக்கொண்டு இறங்கினார். சிவநேசனும் இறங்கினார். குடை எடுத்துக்கொள்ளவில்லை.

"மு... மு..." என்று ஆரம்பித்தார்.

முத்தையா கழியோடு திரும்பி நின்றார். எனக்கு நாக்கு துடித்தது, அந்தப் பெயரை நானே சொல்லிவிடலாம்போல் இருந்தது. மிஸி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் ஏதோ தெரிந்துவிட்டது. மழையில் நனைந்துகொண்டு, ஒவ்வொரு சொல்லாக இழுத்துத் தள்ளி, சிவநேசன் சொல்லி முடித்தார். அண்டைக்கு, பிரசவ நேரம், செட்டுக்குள்ள தண்ணி போகேல்ல. செட் நல்லாத்தான் இருந்தது. எனக்குத்தான் வாயில கதை வரேல்ல.

முத்தையா கழியைத் தரையில் ஊன்றினார். கோபத்தில் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"என் மவன் ஸ்கூல்லேர்ந்து அழுதுட்டு வந்தான் சார். கப்பல் மவன்னு கூப்புடுறாங்களாம். நான் என்னா சொல்றது? ஆமாடா, அப்பாதான் முக்குனேன்னு சொன்னேன்."

சிவநேசன் தலை குனிந்தார். அவர் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இத புந்தோங்ல வந்து சொல்லணும் சார். குழுக் கூட்டத்துல, எல்லாரும் இருக்கறப்ப. எம்புட்டு நேரம் ஆனாலும் சரி, நான் பக்கத்துல நிக்கிறேன்."

"சொ... சொல்லுறன்" என்றார் சிவநேசன்.

முத்தையா அப்புறம் தண்ணீரை ஒரு நோட்டம் பார்த்தார். குத்திப் பார்க்கவில்லை. கழியை வண்டிக்குள் எறிந்தார், ஏறினார், எல்லோரையும் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவர் நிஜமாக வண்டி ஓட்டி நான் அப்போதுதான் பார்த்தேன். கியரை மாற்றி, ஒரே சீராக அழுத்தி, தண்ணீரை இரண்டு சுவராகப் பிளந்துகொண்டு போனார். பானெட்டுக்கு மேல் வந்த தண்ணீர் கண்ணாடியில் அறைந்தது, கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது, வெடிமருந்துப் பெட்டி மேலே வழிந்தது. மிஸி மருந்துப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கினார். நான் சின்னப் பையனைப்போலக் கூவினேன். அக்கரையில் ஏறி நின்றபோது இஞ்சின் ஒரு முறைகூட இருமவில்லை.

லயத்தில் ஒரு பெரியவருக்குக் காலில் ஆழமான வெட்டு, மூன்று நாளாகச் சீழ் பிடித்துக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆகவேண்டும் என்றார் மிஸி. சிவநேசன் முன்சீட்டில் உட்கார்ந்து ஈரமான ரப்பர்க் கையின் மேல் விரலை வைத்தார். மெயின் ரோட்டுக்கு ஆம்புலன்ஸ் வரவேண்டும், காயம் இன்னது, நேரம் இன்னது. முழுச் செய்தியும் போக ஒரு நிமிடம் ஆகவில்லை. லியோங்கின் பதிலும் மோர்ஸிலேயே வந்தது, ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, இவ்வளவு வேகமாகத் தட்டினால் கிழவன் எப்படி எழுதி எடுப்பது என்று. நான் அதை உரக்கப் படித்துச் சொன்னேன். முத்தையா அந்த உப்பிய கையுறையைப் பார்த்தார். கை குலுக்கலாமா என்று கேட்டு அதன் ஒரு விரலைப் பிடித்து ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை மாலை புந்தோங்கில் கூட்டம். கோயில் மண்டபத்தில் நாற்பது பேருக்குக் குறையாது. புது ரேடியோ எப்படி என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள். கப்பல் கரை சேர்ந்ததா என்று பின்வரிசையில் யாரோ கேட்க, சிரிப்பு எழுந்தது. சிவநேசன் எழுந்து நின்றார். முத்தையா போய் அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதல் சொல்லிலேயே மாட்டிக்கொண்டது. சிரிப்பு அடங்கியது. சிலர் தரையைப் பார்த்தார்கள். முன்வரிசையிலிருந்த தலைவர் மனது கேட்காமல், செட்ல தண்ணி போனதைத்தானே சொல்ல வாரீங்க என்று எடுத்துக் கொடுத்தார்.

"யாரும் எடுத்துக் குடுக்காதீங்க அண்ணே" என்றார் முத்தையா. "சாரே சொல்லட்டும்."

நாற்பது பேரும் காத்திருந்தார்கள். எத்தனை நேரம் என்று நான் பார்க்கவில்லை. சிவநேசன் நடந்தது முழுவதையும் சொன்னார். கடைசி வாக்கியத்தின் முதல் எழுத்தில் நின்று, கண்ணை மூடி, மறுபடி ஆரம்பித்து, சொல்லி முடித்தார்.

"முத்தையா சரியாத்தான் ஓட்டினவர்."